கடாரத்துக் கோயிலின் தூணடிக் கற்கள்

கடாரம் என்ற பெயரைக் கேட்டதும் தமிழ் படித்தவர் நெஞ்சில் முதலில் எழுவது முதலாம் இராசேந்திரனின் கடற்படையாகும். 1025-ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த அப்படையெடுப்பை அவனுடைய மெய்க்கீர்த்தி விரித்துரைக்கிறது. பட்டினப்பாலையில் வரும் காழகம் என்னும் பெயருக்குக் கடாரம் என்றே நச்சினார்க்கினியர் உரை கண்டார். இவ்விரண்டையும் துணைக்கொண்டு, மலேசியாவின் கெடா மாநிலத்தில் மெர்போக் அருகே நிற்கும் பழங்கோயிலைச் சுட்டி, 'இது சோழர் எடுத்த கோயில்' என்று எழுதுவதும் மேடையிற் பேசுவதும் பலருக்கு வழக்கமாகிவிட்டன. மாணவரும் அதையே கட்டுரையில் எழுதிப் பழகுகின்றனர். இக்கூற்று எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை அக்கட்டடத்தையே கேட்டறிவது முறையாகும்.

குனோங் ஜெராய் மலையின் தென்சாரலில், சிற்றாறு ஒன்றின் அருகே அக்கோயில் இருக்கிறது. அவ்விடத்தின் பெயர் புக்கிட் பத்து பகாட். உளியால் வெட்டிய கல் உள்ள குன்று என்பது அதன் பொருள். 1936-37-இல் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளரும் அவர் மனைவியும் பூஜாங் பள்ளத்தாக்கில் அகழ்ந்து கண்ட இடங்களுள் இது எட்டாம் எண் பெற்றது. 1959-60-இல் அலாஸ்டெர் லாம்ப் தலைமையில் மீண்டும் அகழ்ந்து, சரிந்து கிடந்த கற்களை உரிய இடங்களிற் பொருத்தினர். சதுரமான கருவறை, அதன் முன்னே மண்டபம், இரண்டுக்கும் கருங்கல் மேடை: இன்று காண்பது இவ்வளவே.

தமிழ்நாட்டுச் சிற்ப நூலார் விமானத்தை ஆறு உறுப்பாகப் பிரிப்பர்: அதிட்டானம், சுவர், பிரஸ்தரம், கழுத்து, சிகரம், கலசம். மெர்போக்கில் எஞ்சியிருப்பது அதிட்டானமும் அதன் மேலே சிறிதளவு சுவருமேயாகும். மற்றவை இடிந்து விழுந்தன என்பார் உளர். விழுந்தனவாயின், அக்கற்கள் எங்கே? கற்சிகரம் ஒன்று சரிந்தால் அதன் துண்டுகள் மலைபோற் குவிந்து கிடக்கும். அத்தகைய குவியல் அங்குக் கிடைக்கவில்லை. கிடைத்தவை தூணடிக் கற்கள். அவற்றின் நடுவே குழி வெட்டப்பட்டிருக்கிறது. மரத்தூணின் கழுந்து வந்து இறங்குவதற்காக வெட்டிய குழி அது. ஆகவே மேலே நின்றது மரம். அதன்மேல் இருந்தது பளுக் குறைந்த சாய்வுக் கூரை.

இந்தச் சிறு குழி, பெரிய வரலாற்று வாக்கியங்கள் பலவற்றைவிட அதிகம் பேசுகிறது. கட்டடக் கலையின் முதல் வினா, பளு எவ்வழியாக நிலத்தைச் சேர்கிறது என்பதே. 1010-இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலில் ஏறத்தாழ 216 அடி உயரக் கல்லின் சுமை முழுவதும் சுவர் வழியே கீழிறங்குகிறது. அங்கே கல்லை நிறுத்துவது கல்லின் எடையே. மெர்போக் மண்டபத்திலோ இலேசான கூரையின் சுமை சில தூண்களின் வழியாகத் தனித்தனிப் புள்ளிகளில் இறங்குகிறது. ஓயாத மழைநாட்டில் மரத்தூண் முதலிற் கெடுவது அடியில்தான். ஈரமும் கறையானும் அங்கிருந்தே ஏறும். அந்த அடியை மண்ணிலிருந்து பிரித்துக் கல்லின்மேல் நிறுத்தினால் தூணின் ஆயுள் நீளும். மலாய்க் கிராம வீடுகளில் தூணுக்கு அடிக்கல் இடுவதும் இதே அறிவினால்தான்.

ஆனால் தூணடிக் கல் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. கழுந்து தூணைப் பக்கவாட்டில் நழுவாமற் காக்குமேயன்றி, காற்றில் சாயாமல் முழுவதும் காக்காது. அதற்கு மேலே உத்தரங்களும் பிணைப்புகளும் வேண்டும். அவை மட்கி மறைந்தன. எனவே கூரையின் வடிவத்தை இன்று எவரும் உறுதியாக வரைந்துகாட்ட இயலாது. லாம்ப் குழுவினர் கூரை எழுப்பாமல் நிறுத்திக்கொண்டது பாராட்டத்தக்க அடக்கம். சான்று முடியுமிடத்தில் கட்டடமும் முடிய வேண்டும் என்ற அந்த நெறியை, இக்கோயிலைப் பற்றி எழுதுவோரும் மேற்கொள்ளலாம்.

இனி, மரத்தாலானது என்பதனால் தமிழகத்தோடு தொடர்பே இல்லை என்று மறுதலைக்குச் செல்வாரும் உளர். அதுவும் பொருந்தாது. செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றிக் கோயில் அமைத்ததை மகேந்திர பல்லவன் மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமையாகக் கூறினான் என்றால், அதற்கு முன் கோயில்கள் அவற்றாலேயே எழுந்தன என்பது பெறப்படும். தில்லைச் சிற்றம்பலம் மரக் கட்டடமே. கருவறைக்கு முன் மண்டபம் என்ற அமைப்பும், அடியில் புதைபொருள் வைக்கும் வழக்கமும் தென்னாட்டிலும் உண்டு; மெர்போக்கிலும் கற்பேழைகள் கிடைத்தன. அமைப்பை ஒருவன் நினைவில் ஏந்திக் கடல் கடக்கலாம். மரத்தையும் மழையையும் அறிந்து மூட்டு அமைப்பவனோ உள்ளூர்த் தச்சனே. இருவர் கையும் அங்கே கலந்திருப்பதாகக் கொள்வதே கட்டடத்துக்குப் பொருந்திய முடிவு. கட்டியவன் பெயர் சொல்லும் கல்வெட்டு அங்கே இல்லை.

வெற்றிதான் கோயிலைக் கொணர்ந்தது என்பார் நாகப்பட்டினத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். கடாரத்து அரசன் அங்கே சூடாமணி விகாரம் எடுத்தான். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை இராசராசன் அளித்தான். அதனால் கடாரம் சோழநாட்டை வென்றது என்று எவரும் எழுதுவதில்லை. வணிகமும் நட்பும் கட்டடம் எழுப்பும் என்று அங்கே ஏற்றுக்கொள்வோர், இங்கே மட்டும் படையைத் தேடுவதேன்?

இது வெறும் நூலாராய்ச்சி வழக்கன்று. அவ்விகாரத்தின் எச்சமென்று அறிஞர் கருதிய செங்கற்கோபுரம் 1867-இல் இடிக்கப்பட்டது. கெடாவிலும் அதுவே நேர்ந்தது. சுங்கை பத்துத் தோட்டப் பகுதியில் பதினொன்றாம் எண் பெற்றிருந்த கோயிலின் எச்சம், மனைநிலப் பணிக்காக அழிக்கப்பட்ட செய்தி 2013 டிசம்பரில் வெளிவந்தது. அவ்விடம் மரபுடைமையாக அரசிதழில் அறிவிக்கப்பட்டிருக்கவில்லை. சிகரமும் சிலையும் உள்ளதே கோயில் என்று பழகிய கண்ணுக்கு, தரைமட்டத்தில் கிடக்கும் அடித்தளம் வெறுங் கற்குவியல்தான். கூரை மரமாயிருந்த நாட்டில் அடித்தளமே முழு ஆவணம் என்பதை அறியாத வரையில், அதன் அழிவும் அழிவாகத் தோன்றாது.

சுங்கை பட்டாணி, பீடோங் வட்டாரத் தமிழாசிரியர்களுக்கு மெர்போக் தொலைவன்று. மாணவரை அழைத்துச் செல்வோர், இராசேந்திரன் புகழைச் சொல்லுமுன் தூணடிக் கல் ஒன்றின் முன் அவர்களை நிறுத்தி, 'இக்குழியில் என்ன நின்றது? ஏன் மண்ணில் நடாமல் கல்லில் நட்டார்கள்?' என்று கேட்கலாம். கட்டைக்கால்மேல் நின்ற பழைய தோட்ட வீடுகளை அறிந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு விடை எளிதில் கிட்டும். கடாரத்தின் பழமை அவர்களுக்கு அந்த விடையிலிருந்து தொடங்கட்டும்.