கும்பினிக்கால ஓவியங்களில் நூற்கும் பெண்: ஒரு மறுநோக்கு

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி முதல் தஞ்சாவூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் ஐரோப்பியருக்காக வரையப்பட்ட சாதி, தொழில் ஓவியத் தொகுப்புகள் தமிழகச் சமூக வரலாற்றுக்குச் சான்றுகளாக எடுத்தாளப்படுகின்றன. அவற்றின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. வெறும் வானம், ஒரு கீற்று நிலம், அதன்மேல் கணவனும் மனைவியும். தொழிற்கருவி கையிலோ அருகிலோ இருக்கும். நெசவாளர் இணையில் ஆணுக்குத் தறியும் பெண்ணுக்கு இராட்டையோ நூலோ உரியனவாகின்றன.

இங்குக் கருவி உழைப்பைக் காட்டுவதைவிடச் சாதியை அடையாளப்படுத்தவே பயன்படுகிறது. 1837இல் மதுரையில் உருவாகி, இப்போது யேல் பல்கலைக்கழக நூலகத்திலுள்ள தொகுப்பின் தலைப்பே 72 சாதி ‘மாதிரிகள்’ என்கிறது. ஆனால் நூற்றல், நெசவைப் போல ஒரு சாதிக்கு உரிய தொழிலன்று. உழவுக்குடிப் பெண்டிரும் கைம்பெண்களும் முதியோரும் நூற்றனர். நெசவாளர் சந்தையில் நூல் வாங்கினர். பல குடிகளில் பரவியிருந்த இவ்வுழைப்பை இணையோவியம் நெசவாளன் மனைவியின் கைவேலையாகச் சுருக்கிவிடுகிறது.

சங்கப் பாடல்கள் காட்டுபவள் வேறு. நற்றிணை 353ஆம் பாடலில் கபிலர் உயர்ந்த மலையில் தவழும் மேகத்துக்கு, ஆண்துணை இல்லாத பெண்டிர் தம் முயற்சியால் நூற்ற நுண்ணூலை உவமையாக்குகிறார். (ஆடலூர் முதலிய பழனிமலை ஊர்களின் மழைக்காலத்தை அறிந்தோர்க்கு இவ்வுவமையின் பொருத்தத்தை விளக்க வேண்டியதில்லை.) கணவனோடு சேர்த்தே பெண்ணை நிறுத்தும் ஓவிய அமைப்பில் இப்பெண்டிருக்கு இடமே இல்லை.

புறநானூறு 326ஆம் பாடலில் பருத்திப் பெண்டு பஞ்சின் தூசும் செற்றையும் புடைத்து நீக்க இருளில் எழுகிறாள். காட்டுப்பூனைக்கு அஞ்சி அலறிய பேட்டுக்கோழி, அவளது சிறுவிளக்கின் ஒளியில் சேவலைக் கண்டு அமைதியடைகிறது. அவள் உருவம் வருணிக்கப்படவில்லை. வேலையும் வேளையும் மட்டுமே தெரிகின்றன. கும்பினி ஓவியத்திலோ உருவம் முழுமையாக உண்டு, வேளை இல்லை. நூற்றலின் பெரும்பகுதி பஞ்சைத் துப்புரவாக்குவதிலும் இரவு விழிப்பதிலும் கழிந்தது என்பதை நிழலற்ற அந்த வானத்தின்கீழ் உணர்த்த வழியில்லை.

நூற்பவளின் திறனையும் தமிழ் மரபு அறிந்திருந்தது. நன்னூற் பாயிரம் சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், வாயைக் கையாகவும், மதியைக் கதிராகவும் உருவகிக்கிறது.

எனினும் அவ்வோவியர்களின் கவனம் குறைந்ததன்று. சேலையின் கரை, கொசுவம், முந்தானை விழும் வகை ஆகியவற்றை அவர்கள் தீட்டிய நுணுக்கம் ஆடை வரலாற்றுக்கு நற்சான்றாகும். நூற்ற கையைவிட அந்த நூலால் ஆன துணியே தூரிகையின் முழுக் கவனத்தையும் பெற்றுள்ளது.