பாத வலிக்கு இன்சோல்: எது பயன், எது விளம்பரம்?

குதிகால் வலிக்கிறது என்று சொன்னால் போதும். "இன்சோல் வாங்கிப் போடுங்கள்" என்று யோசனை கூற நாலு பேர் முன்வருவார்கள். செருப்பு அல்லது ஷூவின் உள்ளே, பாதம் படும் இடத்தில் வைக்கப்படும் மெத்தை போன்ற அட்டையே இன்சோல் ஆகும். கடையில் சில நூறு ரூபாய்க்கு ஒரு சோடி கிடைக்கும். பாதத்தை அச்செடுத்துத் தனியாகச் செய்துகொண்டால் பல ஆயிரம் ரூபாய் வரை செலவாகும். வலியைப் போக்கும், பாத வளைவைத் தாங்கும், தட்டைப் பாதத்தைத் திருத்தும் என்றெல்லாம் அதன் உறைமீது அச்சிட்டிருப்பார்கள். இந்தக் கூற்றுகளில் எவை சோதனையில் தேறின, எவை தேறவில்லை என்று எடைபோட்டுப் பார்ப்போம்.

எடைபோட ஓர் உரைகல் வேண்டும் அல்லவா? சென்னையிலிருந்து கூடூர் செல்லும் ரயில் பாதையில், மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடையே அனுப்பம்பட்டு என்ற நிலையம் உள்ளது. அந்தப் பகுதிக்கு வடகிழக்கே பழவேற்காடு ஏரியும் அதன் கரையில் மீனவர் ஊர்களும் இருக்கின்றன. படகு தள்ளுபவர், வலை இழுப்பவர், சேற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள், மீன் கூடை சுமப்பவர் ஆகிய எல்லாருக்கும் கால் வலி வரத்தான் செய்கிறது. ஆனால் அவர்கள் ஷூ அணிந்து வேலைக்குப் போவதில்லை. ரப்பர் செருப்பு, இல்லையேல் வெறுங்கால். இன்சோல் பற்றிய அறிவுரை இவர்களுக்கும் பயன்படுமா என்பதே நம் உரைகல்லாக இருக்கட்டும்.

பாதம் சுமை தாங்கும் விதம்

ஒரு பாதத்தில் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் உள்ளன. குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடி வரை, உள்ளங்காலின் நெடுகிலும் ஒரு வலுவான நார்ப்பட்டை ஓடுகிறது. வில்லுக்கு நாண் எப்படியோ, பாத வளைவுக்கு இந்தப் பட்டை அப்படி. நாம் அடியெடுத்து வைக்கையில் விரல்கள் மேல்நோக்கி மடங்குகின்றன. அப்போது, உருளையில் சுற்றிய கயிறு இறுகுவதைப் போல இந்தப் பட்டை இறுகுகிறது; வளைவு உயர்ந்து பாதம் விறைப்படைகிறது. இந்தப் பொறியமைப்பை 1954ஆம் ஆண்டில் ஹிக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் விளக்கினார்.

இந்தப் பட்டை குதிகாலில் ஒட்டும் இடம் நொந்துபோவதே பெரும்பாலான குதிகால் வலிக்குக் காரணம். காலையில் படுக்கையை விட்டு எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் சுரீர் என்று வலித்து, நடக்க நடக்கச் சற்றுக் குறைவது இதன் அடையாளம். எக்ஸ்ரே படத்தில் குதிகாலில் முள் போன்ற எலும்பு வளர்ச்சி தெரிந்தால், அதுவே குற்றவாளி என்று எண்ணுகிறோம். ஆனால் வலி சிறிதும் இல்லாத பலருக்கும் அந்த முள் உண்டு.

இனி இன்சோல் என்ன செய்கிறது என்று பார்ப்போம். பள்ளியில் படித்த பாடம்தான்: அழுத்தம் என்பது விசையைப் பரப்பளவால் வகுத்தால் கிடைப்பது. 60 கிலோ எடையுள்ள ஒருவர், கணத்துக்கு ஒற்றைக் குதிகாலில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தரையைத் தொடும் பரப்பு 20 சதுர சென்டிமீட்டர் எனில், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 3 கிலோ தாங்குகிறது. வளைவின் அடிப்பள்ளத்தையும் நிரப்பும் ஓர் இன்சோல், தாங்கும் பரப்பை 100 சதுர சென்டிமீட்டராக ஆக்கினால், அதே சுமை 0.6 கிலோவாகக் குறைகிறது. எண்கள் எளிமைக்காகக் கொண்டவை, தத்துவம் உண்மையானது. சுமையைப் பங்கிடுவதே இன்சோலின் வேலை. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கும்போதுதான் ஏமாற்றம் தொடங்குகிறது.

மூன்று கூற்றுகள்

முதல் கூற்று: தட்டைப் பாதத்தைத் திருத்தும். சிறு குழந்தைகளின் பாதம் தட்டையாகத் தெரிவது இயல்பே. வளர வளர வளைவு தானே உருவாகிறது. இந்தியாவில் 4 முதல் 13 வயது வரையுள்ள 2300 சிறுவர் சிறுமியரின் காலடித் தடங்களை ஆராய்ந்து, ராவ், ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் 1992இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். காலணி அணிந்தவர்களில் 8.6 விழுக்காட்டினருக்குத் தட்டைப் பாதம் இருந்தது, அணியாதவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கே இருந்தது. அதிலும் விரல்களை மூடும் ஷூ அணிந்தோரிடம் மிகுதி; செருப்பு அணிந்தோரிடம் குறைவு.

இந்த ஆய்விலும் குறை உண்டு. ஒரே ஒரு தடவை எடுத்த தடம், காரணம் இதுதான் என்று நிறுவாது. தட்டைப் பாதம் இருப்பதால் வலியும் இருக்கும் என்பதில்லை. இந்த ஆய்வு தடத்தை அளந்ததேயன்றி வலியை அளக்கவில்லை. ஆயினும் ஒன்று தெளிவு. வெறுங்காலுடன் ஏரிக்கரையில் ஓடியாடும் பிள்ளைக்கு, வலி ஏதும் இல்லாதபோது, வளைவு வளர வேண்டும் என்று இன்சோல் வாங்கித் தரத் தேவையில்லை.

இரண்டாம் கூற்று: அச்செடுத்துச் செய்ததே சிறந்தது. ஆஸ்திரேலியாவில் குதிகால் வலி உள்ள 135 பேரை மூன்று குழுவாகப் பிரித்துச் செய்த சோதனையின் முடிவு 2006இல் வெளிவந்தது. ஒரு குழுவுக்கு மெல்லிய நுரை அட்டை, இது பெயரளவுக்குத்தான். இன்னொரு குழுவுக்குக் கடையில் விற்கும் விறைப்பான இன்சோல். மூன்றாம் குழுவுக்கு அச்செடுத்துச் செய்தது. மூன்று மாதத்தில், பெயரளவு அட்டையை விட மற்ற இரண்டும் நடமாட்டத்தில் சிறிதளவு நன்மை தந்தன. ஆனால் அந்த இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பன்னிரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் மூன்று குழுவினரும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தனர். சாதாரணக் குதிகால் வலிக்குப் பல ஆயிரம் செலவழிக்கச் சொல்பவரிடம் இந்த முடிவை நீங்கள் எடுத்துக் காட்டலாம்.

மூன்றாம் கூற்று: மெத்தென்று இருந்தால் நல்லது. கடையில் விரலால் அழுத்திப் பார்த்து, பஞ்சு போல அமுங்கினால் மகிழ்ந்து வாங்குகிறோம். மிக மென்மையான நுரை, உடலின் எடை ஏறியதும் அடியோடு நசுங்கிவிடும். நசுங்கிய பின் அது வெறும் காகிதம். மிகக் கடினமானதோ பாதத்தின் வடிவத்துக்கு இணங்காது. பாதி அமுங்கி, கையை எடுத்ததும் பழைய வடிவுக்கு மீள்வதே ஏற்றது. இந்த நடுத்தர மென்மையை அளந்து கண்டுபிடித்த கதை, நம் வேலூரில் நடந்தது.

வலிக்காத பாதத்துக்கு ஓர் இன்சோல்

கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் என்ற ஆங்கில அறுவை மருத்துவர், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் பாதங்களில் ஆறாத புண்கள் இருந்தன. நோயே சதையை அரிக்கிறது என்று எல்லாரும் நம்பிய காலம் அது. பிராண்ட் வேறொன்றைக் கண்டார். நரம்பு மரத்துப்போனதால் நோயாளிக்கு வலி தெரியவில்லை. நமக்குக் கால் நோகும்போது நம்மை அறியாமலேயே நடையை மாற்றுகிறோம், நொண்டுகிறோம், உட்கார்ந்துவிடுகிறோம். வலி தெரியாதவரோ ஒரே இடத்தில் எடையை வைத்து ஆயிரம் முறை நடக்கிறார். ஒரு முறை பட்டால் ஒன்றும் செய்யாத அழுத்தம், ஆயிரம் முறை படும்போது சதையைச் சிதைக்கிறது.

எனவே அவர்களுக்குத் தேவைப்பட்டது, அழுத்தத்தைப் பரப்பும் காலணி. வேலூரிலும், 1955இல் தொடங்கப்பட்ட கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்திலும் இதற்கான முயற்சிகள் நடந்தன. நுண்ணிய காற்றறைகள் நிறைந்த ரப்பர் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதுவே இன்று எம்.சி.ஆர். என்று சுருக்கமாக வழங்குகிறது. இதன் கடினம் ஷோர் அளவில் சுமார் 15. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்து அழுத்தினால் பாதியளவு அமுங்கி, விட்டதும் மீள வேண்டும் என்பது களப்பணியாளர் கைக்கொள்ளும் எளிய சோதனை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெயிலும் ஈரமும் நிறைந்த நாட்டில் ஷூ அணியாத மக்களுக்காகவே இது உருவானது. ஆகவே இன்சோலைத் தனியே விற்கவில்லை, செருப்பாகவே செய்தார்கள். மேலே எம்.சி.ஆர்., அடியில் முள் ஏறாத கடினமான ரப்பர். சில இடங்களில் பழைய கார் டயரே அடியாயிற்று. குதிகாலுக்குப் பின்னே ஒரு வார். ஆணி அறவே கூடாது; ஆணி கழன்று குத்தினாலும் மரத்த பாதத்துக்குத் தெரியாது. அனுப்பம்பட்டு உரைகல்லில் வைத்தால், மேலே கண்ட எந்தச் சரக்கையும் விட இதுவே தேறுகிறது. காசு குறைவு, வார்ச் செருப்பு, தண்ணீரை எளிதில் உறிஞ்சாது.

இராயபுரம் ஆய்வு

அதே அறிவு நீரிழிவு நோயாளிகளுக்கும் பயன்பட்டது. சர்க்கரை நோய் நீடித்தால் பாத நரம்புகள் மரத்துப்போகும். சென்னை இராயபுரத்தில் 1954இல் நிறுவப்பட்ட எம்.வி. நீரிழிவு மருத்துவமனையின் ஆய்வு ஒன்று 2004இல் வெளியானது. முன்பே பாதப் புண் கண்ட 241 பேர் அதில் பங்கேற்றனர். 100 பேருக்கு எம்.சி.ஆர். பதித்த செருப்பு, 59 பேருக்குப் பாலியூரித்தேன் நுரை பதித்தது, 32 பேருக்கு வார்ப்பெடுத்த இன்சோல். எஞ்சிய 50 பேர் தம் வழக்கமான, தோல் அட்டை பதித்த செருப்பையே அணிந்தனர். ஒன்பது மாதத்தில் வழக்கமான செருப்பு அணிந்தோரில் 33 விழுக்காட்டினருக்குப் புதிய புண் தோன்றியது. மற்ற குழுக்களில் அது 4 விழுக்காடே.

இந்த ஆய்வைப் பாராட்டலாம்; அளவோடு பாராட்ட வேண்டும். அழுத்தமானியின் எண்ணோடு நிற்காமல், புண் வந்ததா இல்லையா என்று பார்த்தது இதன் சிறப்பு. குழுக்கள் சம அளவில் இல்லை. ஒன்பது மாதம் குறுகிய காலம். ஏற்கெனவே புண் கண்டவர்களையே எடுத்துக்கொண்டது. ஆகவே இந்த முடிவைக் காட்டி, காலை நேரக் குதிகால் வலிக்காரரிடம் இன்சோல் விற்பது நேர்மையன்று. இரண்டும் வெவ்வேறு பாதங்கள். ஒன்று வலிக்கிறது; தன்னைத் தானே காத்துக்கொள்கிறது. மற்றொன்று வலிப்பதே இல்லை. இன்சோல் மிகுதியாகப் பயன்படுவது அந்த வலிக்காத பாதத்துக்கே. ஆனால் கடைக்குப் போகிறவர் வலிப்பவர்தாமே! வலிக்காதவர் போவதில்லை. இந்த வாணிகத்தின் மீது நாம் வைக்கும் முதன்மையான குறை இதுவே.

நீங்கள் தேர்ந்தெடுக்கும்போது

காலை முதலடியில் குதிகால் வலிக்கிறதா? முதலில் விரல்களைக் கையால் முழங்காலை நோக்கி இழுத்து, பத்து எண்ணும் வரை பிடியுங்கள். பத்து முறை செய்யுங்கள். படுக்கையை விட்டு இறங்குமுன் செய்வது நலம். சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நெடுநேரம் நிற்பதைக் குறைத்து, தேய்ந்த செருப்பை மாற்றுங்கள். இவற்றோடு இன்சோலும் வேண்டுமென்றால், விலை குறைந்த ஆயத்த இன்சோல் போதும். அதைப் போட்டபின் செருப்பு இறுகிப்போகக் கூடாது. சில வாரத்தில் சுகம் தெரியாவிட்டால் அதைவிட விலை உயர்ந்ததை வாங்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். இரவில் ஓய்விலும் வலித்தாலோ, வீங்கிச் சிவந்தாலோ காத்திருக்கவே வேண்டாம்.

உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ சர்க்கரை நோய் இருந்தால் வரிசை வேறு. வலி இல்லை என்பதை நலம் என்று கொள்ளாதீர்கள். மருத்துவரிடம் நைலான் இழையால் உணர்ச்சிச் சோதனை செய்துகொள்ளுங்கள். 10 கிராம் விசையில் வளையும் அந்த இழை பாதத்தில் படுவது தெரியவில்லை என்றால், எம்.சி.ஆர். செருப்பு அவசியம், வீட்டுக்குள்ளும் அணிய வேண்டும். விரல் சோதனையில் மீளாமல் தட்டையாகிவிட்ட எம்.சி.ஆரை மாற்றிவிடுங்கள். ஒரு பாதம் மட்டும் வலியின்றி வீங்கிச் சூடாக இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம்.

ஏரிச் சேற்றில் இறங்கி இறால் தடவும் பெண்ணுக்கு இந்தச் செருப்பும் உதவாது. சேறு அதைப் பிடுங்கிக்கொள்ளும். கிளிஞ்சல் ஓடும் கெளுத்தி முள்ளும் அவள் பாதத்தைக் காத்திருக்கின்றன. கால் மரத்தவர் அந்த வேலையைத் தவிர்ப்பதே நல்லது. அது இயலாத வீட்டில், கரையேறியதும் நல்ல தண்ணீரில் காலைக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, உள்ளங்காலை இன்னொருவர் கண்ணால் பார்க்கச் சொல்ல வேண்டும். தொழுநோயாளிகளுக்கு அரசுத் திட்டத்தில் எம்.சி.ஆர். செருப்பு இலவசமாகக் கிடைக்கிறது. கால் மரத்த நீரிழிவு நோயாளி எவராயினும், அவருக்கும் அதே செருப்பு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்க வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை. ஒரு சோடி செருப்பின் விலையும், புண் முற்றி வெட்டியெடுக்கும் காலின் விலையும் ஒன்றாகுமா என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.