‘மகத்தான கற்ஸ்பி’: காதலும் உடைமையும்

ஸ்கொட் பிற்ஸ்ஜெரால்டின் ‘மகத்தான கற்ஸ்பி’ 1925 ஆம் ஆண்டு வெளிவந்தது. 1922 ஆம் ஆண்டின் கோடைகாலத்தில், நியூயோர்க் நகரை அடுத்த லோங் தீவில் நிகழும் கதை இது. இந்நாவலைக் கைகூடாக் காதலின் சோகமாகக் காண்போர் ஒருபுறம். செல்வரின் பகட்டைப் போற்றும் நசிவிலக்கியமென ஒதுக்குவோர் மறுபுறம். இவ்விரு நோக்குகளும் நாவலின் உட்பொருளைத் தவறவிடுகின்றன என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதலிற் காதலை நோக்குவோம். வட டக்கோட்டாவின் வறிய விவசாயக் குடும்பத்திற் பிறந்த ஜேம்ஸ் கற்ஸ், பதினேழு வயதிற் பெயரை மாற்றி ஜே கற்ஸ்பி ஆகிறான். 1917 இல், இராணுவ அதிகாரியாக, லூயிவில் நகரின் செல்வக் குடும்பத்துப் பெண்ணான டெய்சியைச் சந்திக்கிறான். சீருடை அவனது வறுமையை மறைத்தது. அவளது அழகும் அவளது வீட்டின் செழிப்பும் அவன் மனத்தில் வெவ்வேறாகப் பதியவில்லை. அவளது குரலிலேயே பணம் ஒலிப்பதாகப் பின்னர் அவனே கூறுகிறான். ஆகவே, தூய காதலொன்றைப் பணம் பிற்காலத்தில் மாசுபடுத்தியது என்பது பொருந்தாது. அக்காதல் கருக்கொள்ளும்போதே உடைமையுறவுகளின் சாயலைப் பெற்றுவிட்டது. மதுவிலக்குக் காலத்தில் (1920–1933) மருந்துக்கடைகளின் மறைவில் மது விற்றுத் திரட்டிய செல்வம் அவனுக்கு மாளிகையை அளித்தது. டெய்சியின் வர்க்கத்துள் இடமளிக்கவில்லை. அவளது கணவனும் பரம்பரைச் செல்வனுமான டொம் புக்கானன் அச்செல்வத்தின் மூலத்தை அம்பலப்படுத்தியதும் அவள் பின்வாங்குகிறாள்.

நசிவிலக்கியம் என்ற குற்றச்சாட்டும் நிலைக்காது. விருந்துகளை வருணிக்கும் ஆசிரியர் ஒளியையும் இசையையும் மட்டும் காட்டவில்லை. வெள்ளிதோறும் பெட்டிபெட்டியாக வரும் தோடம்பழங்கள் திங்களன்று சக்கையாகப் பின்வாசலால் வெளியேறுகின்றன. இருநூறு பழங்களைப் பிழிவதற்குப் பணியாளன் ஒருவனின் பெருவிரல் இருநூறு தடவை பொத்தானை அழுத்துகிறது. களியாட்டத்தின் பின்னுள்ள உழைப்பை இச்சிறு தகவல் உணர்த்துகிறது. மாளிகைகளுக்கும் நகருக்கும் இடையே சாம்பற் பள்ளத்தாக்கு கிடக்கிறது. இறுதியில் மடிவோர் அங்கு வாழும் மேர்ட்டிலும் அவள் கணவன் வில்சனும், கற்ஸ்பியுமே; மூவரும் பரம்பரைச் செல்வத்திற்குப் புறம்பானோர். காரோட்டி மேர்ட்டிலின் உயிரைப் பறித்த டெய்சியும், அக்கார் கற்ஸ்பியுடையதென வில்சனுக்குக் கூறிய டொமும் ஊறின்றி அகல்கின்றனர். இம்முடிவு தற்செயலானதன்று.

எனினும் நாவலின் எல்லைகளையும் சுட்டவேண்டும். கதைசொல்லியான நிக் கரவே வசதியான குடும்பத்தவன், யேலிற் கற்றவன், பிணைமுறி வாணிபம் பழக வந்தவன். சாம்பற் பள்ளத்தாக்கு அவனுக்குக் கடந்துசெல்லும் இடமேயன்றி வாழுமிடமன்று. டொமின் இனவெறியை எள்ளும் நாவல், யூதனான வுல்ஃப்ஷைமைச் சித்திரிக்கையில் அக்காலத்து இனத்துவேஷத்திற்குத் தானும் இரையாகிறது. அனைத்திற்கும் மேலாக, இறுதிப் பக்கங்களிற் கற்ஸ்பியின் கனவு அமெரிக்கக் கரையை முதன்முதற் கண்ட ஒல்லாந்த மாலுமிகளின் வியப்போடு இணைக்கப்படுகிறது. அதுவரை வர்க்கத் தோல்வியாக நின்றது, மானிடத்தின் பொதுவான ஏக்கமாக மாற்றப்படுகிறது. யதார்த்தவாதி இங்கே கருத்துமுதல்வாதிக்கு இடங்கொடுத்துவிடுகிறார்.

பல்சாக்கின் யதார்த்தம் அவரது அரசியற் சார்பையே மீறி வென்றது என்பதை 1888 இல் எங்கெல்ஸ் எடுத்துக்காட்டினார். பிற்ஸ்ஜெரால்டில் அவ்வெற்றி முழுமை பெறவில்லை. தாம் மயங்கிய உலகின் கணக்கை அவர் நேர்மையாக எழுதினார். அக்கணக்கின் முடிவைக் கூறத் தயங்கினார். அம்முடிவைக் கூறுவது முற்போக்கு விமர்சனத்தின் பணி. நூலையே ஒதுக்கிவிட்டால் அப்பணியையும் இழந்தவராவோம்.