‘குட்டி’ திரைப்படமும் நாகமான் வீட்டுச் சிறுபெண்ணும்

குழந்தைகளைக் கடத்தி விற்பதற்கும் சுரண்டுவதற்கும் எதிராகப் பொதுமக்களிடையே விழிப்புணர்வு ஊட்டுவது திருச்சபையின் சமுதாயப் பணிகளுள் ஒன்று. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய துறைமுக, தொழிற்சாலைப் பகுதிகளில் பணிபுரியும் ஆயர்களுக்கு இது அன்றாடத் திருப்பணியோடு ஒட்டிய பொறுப்பாகும். இதற்கென நடைபெறும் கூட்டங்களில் நீண்ட சொற்பொழிவைக் காட்டிலும் நல்லதொரு திரைப்படம் மிகுந்த பயன் தரக்கூடும். அவ்வகையில் பயன்படுத்தத்தக்க தமிழ்ப் படங்களுள் ஜானகி விஸ்வநாதன் இயக்கி 2001ஆம் ஆண்டில் வெளிவந்த ‘குட்டி’ முதன்மையானது எனக் கருதுகிறோம். ஆயினும் அதனை யாருக்குக் காட்டுவது, அதில் எதைச் சுட்டிக்காட்டுவது என்பவற்றை முதலில் ஆராய்தல் வேண்டும்.

எழுத்தாளர் சிவசங்கரியின் கதையை அடிப்படையாகக் கொண்ட இப்படத்தில், தந்தையை இழந்த கண்ணம்மா என்னும் கிராமத்துச் சிறுமி சென்னையில் ஒரு நடுத்தரக் குடும்பத்தில் வீட்டு வேலைக்கு வருகிறாள். தொடக்கத்தில் கணவனும் மனைவியும் அவளை அன்போடு நடத்துகின்றனர். கணவனின் தாயார் வந்து தங்கியபின் நிலைமை மாறிக் கொடுமை மிகுகிறது. தாங்கமாட்டாத சிறுமி ஊர் திரும்பும் எண்ணத்துடன் வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். வழி காட்டுவதுபோல் நடிக்கும் ஒருவன் அவளை மும்பை செல்லும் இரயிலில் ஏற்றிவிடுகிறான். அங்கே அவளுக்கு என்ன நேரும் என்பதைப் பார்ப்பவர் அறிவர். அவள் மட்டும் அறியாள். இப்பாத்திரத்தில் நடித்த சுவேதா சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருதைப் பெற்றார்.

வறுமையும் வீட்டு வேலையும் தப்பியோட்டமும் கடத்தலும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்று காட்டியதே இப்படத்தின் சிறப்பு. அது வெளிவந்த காலத்தில், 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வீட்டு வேலையைத் தடைசெய்திருக்கவில்லை. 14 வயதுக்குட்பட்டோரை வீட்டு வேலைக்கும் உணவகங்களுக்கும் அமர்த்துவது 2006 அக்டோபர் 10 முதலே தடைசெய்யப்பட்டது. ஆகவே சட்டம் பேசுவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னரே இப்படம் பேசியது எனலாம்.

எனினும் படத்தின் குறை ஒன்றையும் சொல்லவேண்டும். தீமை முழுவதையும் அது இருவர்மேல் சுமத்திவிடுகிறது. ஒருவர் கடுமையான மாமியார். மற்றவன் கடைசியில் வரும் வஞ்சகன். சிறுமியை வேலைக்கு ஏற்றுக்கொண்ட கணவனும் மனைவியும் நல்லவர்களாகவே எஞ்சுகின்றனர். படித்த பார்வையாளர் கண்ணீர் விட்டபின், தம் வீட்டில் அத்தகைய மாமியார் இல்லை என்ற ஆறுதலோடு எழுந்துபோக இது இடமளிக்கிறது. உண்மையில் முதல் அநீதி, பள்ளியில் இருக்கவேண்டிய குழந்தை அவ்வீட்டுக்குள் அடியெடுத்து வைத்த நாளிலேயே நிகழ்ந்துவிட்டது. அன்று அனைவரும் அவளிடம் இனிமையாகவே பேசினர்.

வட சென்னைக் கடற்கரையின் வரலாறும் இதனையே உணர்த்துகிறது. 1687ஆம் ஆண்டில் பஞ்சம் மக்களை மலிவாக்கியபோது, புனித ஜார்ஜ் கோட்டை நிர்வாகம் இக்கரையிலிருந்து கப்பலேற்றப்பட்ட அடிமை ஒவ்வொருவருக்கும் ஒரு வராகன் வரி விதித்தது. பிள்ளைகளும் பணியாட்களும் திருடப்படுவதாக முகலாய அரசிடமிருந்து முறையீடுகள் வந்தபின், 1688ஆம் ஆண்டில் அவ்வணிகத்துக்குத் தடை விதிக்கப்பட்டது. 1680இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட புனித மரியாள் ஆலயம் அக்கோட்டைக்குள்ளேயே இருந்தது. வணிகத்தை நடத்தியவர்களுக்கு அது வழிபாட்டிடமாகவும் இருந்தது.

நம் காலத்தில், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையால் வீடிழந்த மீனவக் குடும்பங்கள் எண்ணூரை அடுத்த எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்டன. அங்கே பெண்கள் பலர் தரகர்கள் மூலம் சிறுநீரகத்தை விற்றிருந்தது 2007ஆம் ஆண்டில் வெளியாயிற்று. விற்றவர் குழந்தைகள் அல்லர். ஆயினும் வழி ஒன்றே. பேரிடர் வருகிறது, கடன் வருகிறது, பின் தரகர் வருகிறார். நம் நினைவில் நிற்பவை விற்ற பெண்களின் தழும்புகளே. வாங்கியவர்களை எவரும் நினைவில் வைத்திலர்.

சட்டம் இதில் தெளிவாக உள்ளது. 2013இல் திருத்தப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவும், அச்சுறுத்தல், ஏமாற்று, ஆசைகாட்டல் முதலிய வழிகளால் சுரண்டலுக்காக ஒருவரைச் சேர்ப்பவரோடும் கொண்டுசெல்பவரோடும் நில்லாமல், பெற்றுக்கொள்பவரையும் குற்றவாளியாகக் கொள்கின்றன. பாதிக்கப்பட்டவரின் சம்மதம் அங்கே செல்லாது.

இவ்விடத்தில் 2 இராஜாக்கள் 5ஆம் அதிகாரத்தை மீண்டும் வாசிப்பது தகும். சீரியர் சிறைபிடித்துச் சென்ற இஸ்ரவேல் சிறுபெண் நாகமானின் மனைவிக்குப் பணிவிடை செய்கிறாள். பிரசங்க மேடைகளில் அவள் நற்சாட்சிக்கு எடுத்துக்காட்டாகவே பேசப்படுகிறாள். அது தவறன்று. ஆனால் அவள் அவ்வீட்டுக்கு எவ்வாறு வந்தாள் என்பதை வேதம் மறைக்கவில்லை. பிரசங்கமே அதைக் கடந்துபோகிறது. நாகமான் குணமடைந்தபின் இஸ்ரவேலின் மண்ணை இரண்டு கோவேறு கழுதைகளின் சுமையளவு கேட்கிறான். அம்மண்ணின் மகளைத் திருப்பியனுப்புவதாக ஒரு சொல்லும் இல்லை. அவன் கொடியவன் அல்லன். கண்ணம்மாவை ஏற்ற தம்பதியரைப்போல் நல்லவனே. அவளுக்குப் பெயரும் தரப்படவில்லை. திரைப்படச் சிறுமிக்குப் பெயர் உண்டு. தலைப்போ ‘குட்டி’ என்றே அழைக்கிறது.

ஆகவே நம் முடிவு இது. இப்படத்தைக் குடிசைப் பகுதித் தாய்மாருக்கும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் காட்டி, அந்நியரிடம் எச்சரிக்கையாயிருக்கும்படி சொல்வதோடு நிறுத்துதல் ஆகாது. அவர்களுக்கு 1098 என்னும் உதவி எண்ணைக் கற்பிப்பது அவசியமே. ஆனால் இப்படத்தின் உரிய பார்வையாளர், வேலைக்கு ஆள் தேடுகிறவர்களும், பட்டறையும் உணவகமும் நடத்துகிறவர்களுமான சபையாரே. அவர்களுக்குக் காட்டும்போது, மாமியார் வருமுன்னே படத்தை நிறுத்தி, இதுவரை இவ்வீட்டில் தவறு ஏதும் நடந்ததா என்று கேட்கலாம். அக்கேள்விக்கு வரும் விடையே அன்றைய கூட்டத்தின் பயனைக் காட்டும்.

படம் எழுப்பாத கேள்வி ஒன்றும் உண்டு. மீட்கப்படும் குழந்தை எங்கே போகிறது? இராயபுரத்தில் அரசினர் சிறுவர் இல்லம் உள்ளது. 2020 ஜூன் மாதத்தில் அங்கு 35 சிறுவர்களுக்குக் கொரோனாத் தொற்று ஏற்பட்டு, உச்ச நீதிமன்றம் விளக்கம் கேட்டபோதுதான் அவ்வில்லம் பலர் கவனத்துக்கு வந்தது. அதைச் சூழ ஆலயங்கள் பல உள்ளன. கடத்தலைப் பற்றிப் பேசும் சபை, மீண்டு வந்த பிள்ளைகளை அறிந்திருத்தலும் அப்பணியின் பகுதியே என்று இறையியல் மாணவர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.