அல்லி தூங்காத இரவு

சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகப் போனால், ஈசன் நஞ்சுண்ட களைப்பில் அம்பாள் மடியில் தலைவைத்துப் படுத்திருக்கும் சுருட்டப்பள்ளியைத் தாண்டி நாகலாபுரம். 2022 வரை சித்தூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம். கடைப் பலகைகள் தெலுங்கு. தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் வரும். ஆந்திர எல்லை பற்றிய படாஸ்கர் முடிவின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லைக்கோடு அன்று கொஞ்சம் வடக்கே தள்ளி விழுந்திருந்தால் இந்த ஊர்ப் பிள்ளைகள் பள்ளியில் வேறு எழுத்து படித்திருப்பார்கள். மாற்று உலகக் கதைகளுக்கு விதை இந்தமாதிரி ஒரு ‘இருந்தால்’தான்.

இங்குள்ள வேதநாராயணப் பெருமாள் கோயிலைக் கட்டியவர் கிருஷ்ணதேவராயர். ஊருக்குத் தன் தாய் நாகலாதேவியின் பெயரை வைத்தார் என்கிறது தலவரலாறு. அதே ராயர்தான் தெலுங்கில் ‘ஆமுக்த மால்யத’ எழுதியவர். தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘சூடிக்கொடுத்தவள்’, அதாவது நம் ஆண்டாள். ஸ்ரீவில்லிபுத்தூரை ஆயர்பாடியாகவும், வடபத்ரசாயி கோயிலை நந்தகோபன் மாளிகையாகவும், தோழிகளை இடைச்சியராகவும் பாவித்து, தானும் ஓர் இடைச்சியாகவே ஆனாள் என்று வைணவ மரபு சொல்கிறது. இருந்த இடத்திலிருந்து நகராமல் வேறோர் உலகத்தில் வாழ்ந்த பெண். அந்த உலகத்தை விட்டு அவள் திரும்பி வரவும் இல்லை. ராயர்மேல் எனக்கு ஒரு குறை உண்டு. பெரியாழ்வார், யாமுனாசாரியர் என்று பல கதைகள் கடந்து காவியத்தின் பிற்பகுதியில்தான் கோதை வருகிறாள். தலைப்பில் இருப்பவளுக்குப் பக்கம் குறைவு.

மாற்று உலகமும் வலுவான நாயகியும் சேர்ந்து வரும் கதைகளைப் படிக்கும்போது நான் ஒன்றைத்தான் பார்ப்பேன். கதை முடியும்போது அந்த உலகம் அவள் கையில் இருக்கிறதா, இல்லை வாங்கிக்கொண்டுவிட்டார்களா?

அல்லியிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் ‘அல்லி அரசாணி மாலை’ பெரிய எழுத்துப் புத்தகமாக ஊர் ஊராகப் போன கதை. வியாசர் அறியாத ஒரு பாரதம் அதில் நடக்கிறது. மதுரையில் அல்லி அரசாள்கிறாள். அவளுடைய படையும் காவலும் பெண்கள். ஆண் வாடையே ஆகாது. அர்ச்சுனன் வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டுப் பார்த்தும் ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் பாம்பாக உள்ளே நுழைந்து, அவள் தூங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். அவ்வளவு பெரிய கோட்டை ஒரு தூக்கத்தில் விழுந்தது. பெண் சொல் எடுபடும் வீட்டைக் கிண்டலாக ‘அல்லி தர்பார்’ என்று இன்றைக்கும் சொல்கிறோம்.

இதேபோல மொழியில் ஏச்சாகத் தங்கிவிட்ட இன்னொருத்தி நீலி. அவளுடைய பழையனூர், நாகலாபுரத்துக்கு நேர் தெற்கே திருவாலங்காட்டுப் பக்கம். 1960 வரை அதுவும் சித்தூர் மாவட்டம்தான். புருஷன் கையால் செத்து, பேயாகி, மறுபிறவியில் அவனைத் துரத்தி வந்து, ‘இவன் என் கணவன்’ என்று வேளாளர் சபையில் அழுகிறாள். எழுபது வேளாளர் அவள் கண்ணீரை நம்பி அவனை அவளோடு அனுப்புகிறார்கள். விடிவதற்குள் அவன் பிணம். அவன் உயிருக்குப் பிணை என்று சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். நமக்கு மிச்சம் ‘நீலிக்கண்ணீர்’ என்ற ஒரே சொல். முன் கொலை செய்தவன் பெயர் எந்தப் பழமொழியிலும் ஏறவில்லை.

இந்த நீலியைத்தான் ஒரு சமணக் கவிஞர் வேறு உலகத்துக்குக் கூட்டிப்போனார். ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான ‘நீலகேசி’யில், பழையனூர் நீலி ஒரு சமண முனிவரைக் குலைக்கப் போகிறாள். அவருக்கு அவள் பயம் காட்டியதும் பலிக்கவில்லை, அழகு காட்டியதும் பலிக்கவில்லை. தோற்றவள் அவரிடமே பாடம் கேட்கிறாள். பிறகு ஊர் ஊராகப் போய் வாதம் செய்கிறாள். பௌத்தத் துறவி குண்டலகேசியை வெல்கிறாள், மொக்கலனை வெல்கிறாள், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி என்று வரிசையாக எதிர்கொள்கிறாள். குண்டலகேசி இன்னொரு காப்பியத்தின் நாயகி என்பதைக் கவனியுங்கள். ஒரு கதையின் நாயகி இன்னொரு கதைக்குள் புகுந்து அந்த நாயகியோடு மோதுவதை இன்று பட நிறுவனங்கள் கோடிகளில் விற்கின்றன. சமயப் பிரசாரம் என்று நீலகேசியை ஒதுக்குவார்கள். பிரசாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் கழுத்தை நெரிக்கும் பேய்க்குத் தருக்கம் சொல்லிக்கொடுக்கத் துணிந்த கற்பனை எனக்குப் பெரிது. கடைசிவரை அவள் தோற்பதில்லை. 1936-இல் அ.சக்கரவர்த்தி நயினார் சமயதிவாகர வாமன முனிவர் உரையோடு அதைப் பதிப்பித்தார். ‘நீலிக்கண்ணீர்’ என்று சொல்லத் தெரிந்தவர்களில் எத்தனை பேர் அதைப் புரட்டியிருப்போம்?

நவீன காலத்துக்கு வந்தால் முதல் மரியாதை சென்னைக்கு. கமலா சத்தியநாதன் 1901-இல் தொடங்கிய ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ இதழில் 1905-இல் ‘சுல்தானாவின் கனவு’ வெளிவந்தது. எழுதியவர் வங்காளத்து ரொக்கேயா சகாவத் ஹுசேன். கணவர் பாகல்பூரில் துணை மாஜிஸ்திரேட். அவர் சுற்றுப்பயணம் போயிருந்தபோது பொழுதுபோக்காக ஆங்கிலத்தில் எழுதியது. அதில் ‘பெண்ணாடு’ என்றோர் உலகம். ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்கிறார்கள், பெண்கள் தெருவில் நடக்கிறார்கள். அடுப்பில் கரியும் இல்லை, புகையும் இல்லை, சமையலுக்கு வெயில். மேகத்திலிருந்து பலூன் வழியாகத் தண்ணீர் இறக்குகிறார்கள். எதிரி படையெடுத்து வந்தபோது ஆண்கள் தோற்றுப்போகிறார்கள். பிறகு பெண்கள் பல்கலைக்கழகத்தின் தலைவி இரண்டாயிரம் மாணவிகளோடு போய், சேமித்த சூரிய வெப்பத்தை எதிரிமேல் திருப்புகிறாள். சார்லட் பெர்க்கின்ஸ் கில்மனின் ‘ஹெர்லேண்ட்’ வர இன்னும் பத்து வருஷம் இருந்தது.

நாகலாபுரம் கோயிலில் பங்குனியையொட்டி மூன்று நாள் சூரிய பூஜை நடக்கும். சாயங்கால வெயில் கோபுர வாசல் வழியாக நீண்டு உள்ளே வரும். முதல் நாள் பெருமாளின் பாதத்தில், அடுத்த நாள் நாபியில், மூன்றாம் நாள் திருமுடியில். வெயிலைப் பிடித்துக் கருவறைக்குள் கொண்டுவரக் கணக்குப் போட்ட ஸ்தபதியையும், சமையலறைக்குக் கொண்டுவரக் கணக்குப் போட்ட ரொக்கேயாவையும் என்னால் பிரித்து நினைக்க முடிவதில்லை. ஆனாலும் சுல்தானாவுக்கு அந்த நாடு நிலைக்கவில்லை. விழிப்பு வருகிறது, பழைய அறை, பழைய சாய்வு நாற்காலி.

புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ (1943) இன்னும் கடுமை. சீதை தீக்குளித்த சேதி கேட்டு அகலிகை மறுபடி கல்லாகிறாள். ராமாயணத்தை விட்டு வெளியேற அவளுக்கு இருந்த ஒரே கதவு அது.

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ ஆனந்த விகடனில் தொடராக வந்து, தூர்தர்ஷனிலும் ஓடியது. ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சியில், எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர்தான் இருக்க வேண்டும் என்ற இந்தியா. கணவன் சிபி காணாமல் போக, நிலா தேடிக் கிளம்புகிறாள். ‘மீண்டும் ஜீனோ’வில் அவள் ராணியாகவே ஆகிறாள். ஆனால் சிந்திப்பதெல்லாம் ஜீனோ என்ற இயந்திர நாய். சிம்மாசனத்தில் நிலா, கதை ஜீனோ கையில். சுஜாதா ரசிகர்கள் கோபித்துக்கொண்டாலும் இதுதான் என் அபிப்பிராயம்.

ஆண்டாளைப்போல மாற்று உலகத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டவள் அம்பையின் சீதை. ‘அடவி’யில் காட்டுக்குப் போகும் செந்திரு எழுதும் கதையில், சீதை தன் சீதாயணத்தைத் தானே எழுதுகிறாள், ராவணனிடம் வீணை கற்கிறாள். தெலுங்கில் ஓல்காவின் ‘விமுக்த’ (2015-இல் சாகித்திய அகாதெமி விருது) அதன் உடன்பிறப்பு. அதில் சீதை சூர்ப்பணகையையும் அகலிகையையும் ரேணுகாவையும் ஊர்மிளையையும் ஒவ்வொருத்தியாகச் சந்திக்கிறாள். மூக்கறுபட்ட சூர்ப்பணகை தோட்டம் போட்டுப் பூ வளர்த்துக்கொண்டிருக்கிறாள். எல்லையின் இரு பக்கமும் படிப்பவர்கள் நாகலாபுரத்தில் இருந்தால், இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கச் சொல்வேன்.

சினிமாவைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றும் இல்லை. ‘ஆதித்யா 369’ (1991) ராயர் சபைக்கே போய் வந்தது; ‘இன்று நேற்று நாளை’ (2015), ‘மாநாடு’ (2021), ‘மார்க் ஆண்டனி’ (2023) என்று காலத்தைத் திருகியவர்கள் எல்லாம் ஆண்கள். ‘அருந்ததி’ (2009) விலக்கு. கேரளம்தான் 2025-இல் ‘லோகா’ எடுத்து, கள்ளியங்காட்டு நீலியைக் கல்யாணி பிரியதர்ஷன் உருவில் இன்றைய நகரத்தில் இறக்கிவிட்டது. அவர்களுடைய நீலி பறக்கிறாள். நம் நீலி பழமொழியில் அழுதுகொண்டிருக்கிறாள்.

அல்லி அன்றிரவு தூங்காமல் விழித்திருந்து, பாம்பு உள்ளே வருவதைப் பார்க்கும் கதை ஒன்றை நான் இன்னும் படிக்கவில்லை. யாராவது எழுதியிருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் எழுதுங்கள்.