துடைப்பத்தை எப்படிப் பார்ப்பது?

ஜோத்பூருக்குப் போகிறவர்கள் மெஹ்ரான்கர் கோட்டையில் ஏறி, வாளையும் பல்லக்கையும் பார்த்து வாயைப் பிளந்துவிட்டு இறங்குவார்கள். பக்கத்தில் மோக்லாவாஸ் கிராமத்தில் அர்ணா ஜர்ணா இருக்கிறது, துடைப்பங்களுக்கென்றே பெரிய சேகரிப்பு உள்ள அருங்காட்சியகம் என்றால் சிரிப்பார்கள். “துடைப்பத்தைப் பார்க்க ராஜஸ்தான் வரைக்கும் போகணுமா?” போகணும் சார். ‘விநோத இடங்கள் பத்து’ என்று பட்டியல் போட்டு இதையும் அதில் சொருகுகிறவர்களால்தான் இந்த நிலைமை.

அடிப்படையைச் சட்டென்று முடித்துவிடலாம். கைவிட்ட மணற்கல் குவாரி நிலத்தில் இந்த இடத்தை உருவாக்கியவர் நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் கோமல் கோத்தாரி. 2004இல் காலமானார். லங்கா, மாங்கணியார் என்னும் பாடகர் சமூகங்களை வெளியுலகுக்கு அறிமுகப்படுத்தியதும் அவர்தான். ராஜஸ்தானை ராஜாக்களை வைத்துப் பார்க்காமல், கம்பு தின்கிற ஊர், சோளம் தின்கிற ஊர், மக்காச்சோளம் தின்கிற ஊர் என்று பிரித்துப் பார்த்தவர் கண்ணில் துடைப்பம் படாமல் இருக்குமா? துடைப்பத்தில் நீங்கள் முதலில் புல்லைப் பாருங்கள், பிறகு அதைக் கட்டியிருக்கும் கட்டைப் பாருங்கள். கட்டு கீழே இறங்க இறங்க விறைப்பு கூடும். பாடம் முடிந்தது.

இனி விஷயத்துக்கு வருவோம். உள் துடைப்பம் வேறு, வெளித் துடைப்பம் வேறு. இது பிடிபடாதவரை நீங்கள் பார்ப்பது வெறும் குச்சிக் கட்டு. பாலைவனத்து மண் வீட்டில் தரை சாணி மெழுகியது. விறைத்த குச்சி பட்டால் மெழுகு பெயர்ந்துவிடும். அதனால் உள்ளே மெல்லிய புல், நெருக்கமான கட்டு. வேலை முழுக்க நுனிதான். வெளியே வந்தால் முற்றமே மணல். நெருக்கமான துடைப்பத்தைப் போட்டால் குப்பையோடு முற்றத்தையும் சேர்த்து அள்ளிவிடும். அங்கே வேண்டியது விறைத்த குச்சி, நடுவே தாராளமான இடைவெளி. மணல் நழுவிவிடும், சருகும் ஆட்டுப் புழுக்கையும் மட்டும் நகரும். வெளித் துடைப்பம் பாதி சல்லடை! ஆகவே அதில் குச்சியைப் பார்க்காதீர்கள், இடைவெளியைப் பாருங்கள். (வாசலுக்கு ஈர்க்குமாறு, கூடத்துக்குப் பூந்துடைப்பம் என்று வைத்திருக்கும் நமக்கு இது புரியாதா என்ன?)

அந்தப் பக்கத்தில் உள்ளே புழங்குவதைப் பெண் என்றும் வெளியே புழங்குவதை ஆண் என்றும் சொல்வார்கள். உடனே குறியீடு, படிமம் என்று பக்கம் பக்கமாக எழுதக் கிளம்பிவிடுகிறார்கள் விமர்சகர்கள். எழுதட்டும். அதற்கு முன்னால் ஒருமுறையாவது எதையாவது கூட்டியிருக்கலாம். இன்னொரு கூட்டம், துடைப்பத்தைச் சுவரில் மாட்டி விளக்குப் போட்டு அலங்காரம் என்கிறது. அதில் ஒரு தூசு பட்டிருக்காது.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன், புதுத் துடைப்பத்தின் முன்னால் நான் நிற்பதே இல்லை. எங்கே பார்த்தாலும் தேய்ந்ததைத்தான் தேடுவேன். நுனி ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருக்கும். பிடித்தவர் வலது கையா, இடது கையா என்று அதிலேயே சொல்லிவிடலாம். கூட வந்தவர்கள் டீ குடிக்கப் போயிருந்தால் இன்னும் நிம்மதி.