மட்டாஞ்சேரிச் சுவர்களிடம் ஒரு பாடம்

விஸ்காம் எனப்படும் காட்சித் தொடர்பியல் வகுப்பில் சேர்ந்ததும் கரும்பலகையில் ஏறும் முதல் வரைபடம் அனுப்புநர், செய்தி, ஊடகம், பெறுநர் என்பது. ஷானனும் வீவரும் 1940களின் இறுதியில் தொலைபேசிக் கம்பியை மனத்தில் வைத்து வகுத்தது. அதில் சுவருக்கு இடமில்லை. கொச்சியின் மட்டாஞ்சேரியைப் பார்த்த பிறகு, விஸ்காம் மாணவியான எனக்கு அந்த வரைபடம் போதவில்லை. ஒரு படம் எந்தச் சுவரில், யார் நடமாடும் வழியில் இருக்கிறது என்பதே இங்கே பாதிச் செய்தி.

அரண்மனையில் தொடங்கலாம். 16ஆம் நூற்றாண்டின் நடுவில் போர்த்துக்கீசியர் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்தது அது. 1663க்குப் பின் டச்சுக்காரர் செப்பனிட்டதால் ‘டச்சு அரண்மனை’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பள்ளியறைச் சுவர்களில் ஏறத்தாழ 300 சதுர அடிக்கு ராமாயணம் ஓடுகிறது. தசரதனின் வேள்வி முதல் ராமன் அயோத்தி திரும்புவது வரை. வெற்றிடம் என்பதே கிடையாது. உருவங்கள் நெருக்கியடித்து நிற்க, ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கண்தான் தேட வேண்டும். கதை முன்பே தெரிந்தவருக்காக, அதுவும் அரசர் உறங்கும் அறைக்காக வரைந்தவை இவை. இன்று சீட்டு வாங்கிய எவரும் அவற்றின் முன் நிற்கலாம். காவிச் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் அப்படியே இருக்க, செய்தி மட்டும் மாறிவிட்டது. என்னை அதிகம் நிறுத்தியது வண்ணம் ஏறாமல் கோட்டோடு நின்றுபோன ஒரு பகுதி. தூரிகை எந்த வரிசையில் வேலை செய்தது என்பதை முடிந்த ஓவியங்கள் மறைத்துவிடுகின்றன, இது காட்டிக்கொடுக்கிறது.

சற்று நடந்தால் 1568இல் எழுந்த பரதேசி யூதக் கோயில். தரையெங்கும் சீனத்து நீலவெள்ளை ஓடுகள். அதன் மணிக்கூண்டில் ஹீப்ரு, ரோமன், மலையாளம் என முகத்துக்கு ஒரு வகை எண்கள். தெருவில் யார் யார் நடக்கிறார்கள் என்று கணக்கெடுத்துவிட்டுச் செய்த வடிவமைப்பு இது. பயனரை அறிந்து வடிவமைப்பது என்று நாங்கள் ஒரு பருவம் முழுக்கப் படிப்பதை 18ஆம் நூற்றாண்டுக்காரர்கள் ஒரு கடிகாரத்தில் செய்து வைத்திருக்கிறார்கள்.

2012 டிசம்பர் 12 அன்று போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் தொடங்கிய கொச்சி-முசிறி பினாலே என்ற கலைவிழா, மிளகும் கயிறும் அடைந்து கிடந்த கிடங்குகளைக் கலைக்கூடங்களாக்கியது. 2014இல் தமிழ்நாட்டுச் சிற்பி பெனிதா பெர்சியால் பெப்பர் ஹவுஸில் சாம்பிராணியும் வாசனைப் பொருள்களும் சேர்த்துக் கிறித்தவ உருவங்களைச் செய்து வைத்தார். அந்தச் சிற்பங்களை மூக்கும் படித்தது. மணப்பொருள் வணிகத்தால் வாழ்ந்த கரையில் அது கூடுதலாகவே பேசியது. 2016இல் சிலிக் கவிஞர் ரவுல் சூரிதா ஆஸ்பின்வால் மாளிகையின் கூடம் ஒன்றில் கடல்நீரை நிரப்பினார். அகதிகளாகக் கடலில் மடிந்தவர்களை நினைக்க, வந்தவர்கள் அந்த நீரில் இறங்கி நடக்க வேண்டியிருந்தது. இரண்டையும் புகைப்படத்தில் மட்டும் பார்த்தவருக்குப் பாதிகூடக் கிடைத்திருக்காது.

2014 முதல் நடக்கும் மாணவர் பினாலே, நாடெங்கும் உள்ள கலைக்கல்லூரி மாணவர்களின் படைப்புகளை இங்கே கொண்டுவருகிறது. ஓவியமும் சிற்பமும் படிப்பவர்கள் படைப்பாளிகளாக வருகிறார்கள். எங்களைப் போன்றவர்கள் பெரும்பாலும் பார்வையாளர்களாக, கேமராவோடு. எனக்கு இது வருத்தம். சென்னையில் 1850இலேயே கலைப்பள்ளி தோன்றிய மாநிலத்தில், கவின்கலை ஒரு வளாகத்திலும் காட்சித் தொடர்பியல் வேறொரு வளாகத்திலும் ஒன்றையொன்று அறியாமல் கிடப்பதற்குத் தக்க காரணம் எனக்குத் தெரியவில்லை.

இரு தரப்பும் சேர்ந்து செய்வதற்கு இங்கேயே வேலை இருக்கிறது. ஃபோர்ட் கொச்சியின் வெளி பகுதியில் உள்ள தோபி கானாவில் துணி வெளுப்பவர்கள் தமிழ் பேசும் வண்ணார் சமூகத்தவர். படையினரின் உடை வெளுக்க டச்சுக்காரர் அழைத்துவந்தவர்களின் வழியினர் என்று சொல்லப்படுவோர். சேராங்கொட்டைச் சாற்றால் துணி மூலையில் வீட்டுக்கொரு குறி இடுவது நம் ஊர்களில் இத்தொழிலின் பழைய வழக்கம். எழுத்தே இல்லாமல், ஒரு ஊரின் துணி முழுவதையும் உரியவரிடம் சேர்த்த குறிகள் அவை. இப்போதைய மூத்தவர்களின் நினைவில் என்னென்ன குறிகள் மிஞ்சியிருக்கின்றன என்று அவர்களிடமே கேட்டு, வரைந்து, பொருள் எழுதித் தொகுப்பதை ஒரு இறுதியாண்டுத் திட்டமாக எடுக்கலாம். கவின்கலை மாணவர் ஒருவரும் விஸ்காம் மாணவர் ஒருவரும் சேர்ந்து செய்தால், மாணவர் பினாலேயில் வைக்கவும் அது தகும்.